‘சார், ஒரு டவுட்’: அறியா வினாவும் ஐய வினாவும்

மன்னார்குடிப் பக்கம் பாலிடெக்னிக் படிக்கும் மாணவர் ஒருவர், தமிழில் பேசிக்கொள்ளும் ஓர் எலக்ட்ரானிக்ஸ் குழுவில் கேள்வி போட்டிருந்தார். தலைப்பு, ‘அர்ஜென்ட் ஹெல்ப் சார்’. உள்ளே ஒன்றரை வரி: “மோட்டார் ஆன் பண்ணா போர்டு ஆஃப் ஆகுது சார். என்ன பண்றது?” அவ்வளவுதான். எந்த மோட்டார், எந்த போர்டு, ஆஃப் ஆகிறது என்றால் அணைந்தே போகிறதா அல்லது அணைந்து திரும்ப வருகிறதா, ஒரு விவரமும் இல்லை.

விவரம் பிற்பாடுதான் தெரிந்தது. வீட்டில் ஃபில்டர் பாயிண்ட், அதாவது ஆழம் குறைந்த குழாய்க்கிணறு, இறக்கிய பம்புசெட். மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வரும். அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து போய் ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். வரப்பில் பாம்பு கிடக்கும். கைபேசியிலிருந்து மோட்டாரைப் போடுகிற பெட்டி கடையிலேயே கிடைக்கிறது என்றாலும், தானே செய்து பார்க்க வேண்டும் என்று பையனுக்கு ஆசை. வைஃபை வசதியுள்ள இஎஸ்பி8266 சிப் வைத்த போர்டு ஒன்றும், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே ஒன்றும் வாங்கி, யூடியூபைப் பார்த்து ஒயர் இணைத்திருக்கிறார். மோட்டார் ஓடுகிறது. ஆனால் அது இழுக்கிற அந்த நொடியில் போர்டு அணைந்து திரும்ப வருகிறது.

முதல் பதில்: “இதெல்லாம் பேசிக் தம்பி. முதல்ல சர்க்யூட் படிங்க.” இரண்டாவது: “கூகுள்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருக்கீங்களா?” மூன்றாவது, சிரிக்கிற பொம்மை மூன்று. ஒரு மணி நேரம் கழித்து நான்காவதாக வந்தவர் பதிலே சொல்லவில்லை. “ஸ்டார்ட்டருக்குப் போற ஒயரைக் கழட்டிட்டு, ரிலேயை மட்டும் போட்டுப் பாருங்க தம்பி. அப்பவும் ஆஃப் ஆகுதா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வி ஏன் நல்ல கேள்வி என்று கொஞ்சம் விளக்க வேண்டும். இப்படிப்பட்ட கோளாறுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் இருக்கும். ஒன்று, போர்டுக்கும் ரிலேவுக்கும் சேர்த்துக் கொடுக்கிற மின்சாரம் போதாமல் இருப்பது. ரிலே இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்து, போர்டு ஒரு கணம் செத்துப் பிழைக்கும். இன்னொன்று, ஸ்டார்ட்டருக்குள் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கிற கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்சின் காயில், அதாவது கம்பிச்சுருள். காயிலுக்குப் போகும் மின்சாரம் விட்டு விட்டுத் தொடும்போது எழுகிற அதிர்வு ஒயர் வழியாகவும் காற்று வழியாகவும் போர்டைக் குழப்பிவிடும். முதலாவதற்கு வேறு அடாப்டர் வேண்டும். இரண்டாவதற்குக் காயிலின் குறுக்கே ஸ்னப்பர், அதாவது ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் போட வேண்டும். ஸ்டார்ட்டர் ஒயரைக் கழற்றிய பிறகும் போர்டு அணைந்தால் முதல் காரணம், அணையாவிட்டால் இரண்டாவது. ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா நடத்திய இலக்கணம் எனக்கு இங்கேதான் ஞாபகம் வந்தது. நன்னூல் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பிரிக்கிறது. பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன பாடம். அதில் அறியா வினா என்று ஒன்று, ஐய வினா என்று ஒன்று. தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பது அறியா வினா. ஐய வினாவுக்கு எல்லா ஆசிரியர்களும் சொல்லும் உதாரணம் ஒன்றுதான்: அங்கே கிடப்பது பாம்போ, கயிறோ?

இணையத்தின் தொழில்நுட்பக் குழுக்கள் விரும்புவது ஐய வினாவை. ‘நான் இதைச் செய்தேன், இப்படி ஆகும் என்று எதிர்பார்த்தேன், அப்படி ஆயிற்று. காரணம் இதுவா அதுவா?’ என்று கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கேள்வி கேட்பது எப்படி என்று 2001 இல் எரிக் ரேமண்ட், ரிக் மோயன் என்ற இரண்டு கணினிக்காரர்கள் ஒரு நீண்ட வழிகாட்டி எழுதினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புதியவர்களின் முன்னால் அதைத் தூக்கிப் போடுகிறார்கள். நல்ல வழிகாட்டிதான். ஆனால் அதன் சாரத்தை நம் இலக்கணத்தில் சொன்னால், அறியா வினாவை நீயே ஐய வினாவாக்கி எடுத்துக்கொண்டு வா என்பதுதான். ஐயப்படுவதற்குப் பாம்பையும் தெரிந்திருக்க வேண்டும், கயிற்றையும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் பார்த்திராதவன் ‘அங்கே என்னமோ கிடக்கு’ என்றுதான் சொல்வான். மன்னார்குடிப் பையன் சொன்னதும் அதைத்தான். நான்காமவர் அவருடைய அறியா வினாவை வாங்கி, ஐய வினாவாக மாற்றித் திருப்பிக் கொடுத்தார். புதியவர்களை மரியாதையாக நடத்துவது என்று நான் சொல்ல வருவது இந்த வேலையை. இனிக்க இனிக்கப் பேசுவது கூடுதல் வசதி, அவ்வளவே.

‘கூகுள்னு ஒண்ணு இருக்கு’ என்பதற்கும் இலக்கணத்தில் இடம் உண்டு. ‘இதைச் செய்வாயா?’ என்று கேட்டவரிடம் ‘நீயே செய்’ என்பது ஏவல் விடை. நன்னூலார் அதையும் விடைக் கணக்கில்தான் சேர்க்கிறார். கணினி உலகத்தில் அதற்கு ஒரு சுருக்கெழுத்தே உண்டு, ஆர்டிஎஃப்எம். கையேட்டைப் படி என்று அர்த்தம், நடுவில் ஒரு கெட்ட வார்த்தையோடு.

இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், கோபப்படுகிறவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் தெரிகிறது. 1980 வாக்கில் அமெரிக்காவின் வட கரோலினாவில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையே தொடங்கியது யூஸ்நெட் என்ற உரையாடல் வலை. ஒவ்வொரு செப்டம்பரிலும் கல்லூரி திறக்கும்போது புது மாணவர்கள் வந்து அதே பழைய கேள்விகளைக் கேட்பார்கள். ஒன்றிரண்டு மாதத்தில் பழக்கவழக்கம் பிடிபட்டு அடங்கிவிடுவார்கள். 1993, 94 வாக்கில் அமெரிக்கா ஆன்லைன் போன்ற இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அந்தக் கதவைத் திறந்துவிட்டன. அதன் பிறகு புதியவர்கள் வருவது நிற்கவே இல்லை. பழைய ஆட்கள் அதற்கு ‘முடிவில்லாத செப்டம்பர்’ என்று பெயர் வைத்தார்கள். 1993 செப்டம்பர் இன்னும் முடியவில்லை என்று இன்றைக்கும் தேதி எண்ணிக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளைத் தொகுத்து வைக்கும் வழக்கம் அதற்கு முன்பே, 1980களில், இதே சலிப்பிலிருந்துதான் பிறந்தது. பதில் சொல்கிறவர் சம்பளம் வாங்கவில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு, தூக்கத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். நூறாவது தடவையாக அதே கேள்வி வருகிறது. நூறு என்பது அவருக்குத்தான், கேட்கிறவருக்கு அது முதல் தடவை. இந்தக் கணக்கு இடிப்பதுதான் பாதித் தகராறு.

2008 இல் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற, நிரலாளர்களுக்கான கேள்வி பதில் தளம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. ஒரு கேள்வி ஒரு முறைதான். திரும்ப வந்தால் ‘ஏற்கெனவே கேட்கப்பட்டது’ என்று மூடிவிட்டு, பழைய பதிலுக்கு வழிகாட்டிவிடுவார்கள். பதில் தேடி வருகிறவர்களுக்கு அது பொக்கிஷம். நானே அதில் ஆயிரம் தடவையாவது வயிறு வளர்த்திருப்பேன். கேள்வி கேட்டவருக்கோ கதவை முகத்தில் சாத்தியது போல. பழைய கேள்வியும் தன் கேள்வியும் ஒன்றுதான் என்று தெரிந்திருந்தால் அவர் கேட்டே இருக்க மாட்டார். 2018 ஏப்ரலில் அந்த நிறுவனமே, புதியவர்கள் பலருக்கு எங்கள் இடம் வரவேற்பாக இல்லை, மாற வேண்டும் என்று வெளிப்படையாக எழுதியது. அந்த ஆண்டே முதன்முறை கேட்கிறவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ‘புதியவர்’ என்ற அடையாளத்தையும் வைத்தது. நம்மூரில் புது டிரைவர் வண்டியில் சிவப்பாக ‘எல்’ ஒட்டுகிற மாதிரி.

அதே 2018 செப்டம்பரில், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பல ஆண்டுகளாகத் தாம் எழுதிய கடுமையான மின்னஞ்சல்களுக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். அந்தத் திட்டம் நடத்தை நெறி ஒன்றை ஏற்றுக்கொண்டதும் அப்போதுதான். இவரே 1991 ஜூலையில், ஹெல்சின்கியில் படிக்கும் 21 வயது மாணவராக, யூஸ்நெட்டில் ஒரு கேள்வி போட்டவர். இயங்குதளங்களுக்கான பொதுத் தரமாகிய போசிக்ஸின் விதிகள் கணினியில் படிக்கிற வடிவில் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார். எதற்கு என்று முழுதாகச் சொல்லவுமில்லை.

சரி, தெரிந்தவர்களுக்கு ஏன் தெரியாதவரின் இடம் புரிவதில்லை? 1990 இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி செய்த சோதனை ஒன்று உண்டு. ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதில் வைத்துக்கொண்டு மேசையில் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் பாட்டைச் சொல்ல வேண்டும். தட்டியவர்கள் பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். 120 பாட்டில் மூன்றுதான் தேறியது. தட்டுகிறவர் காதில் முழுப் பாட்டும் ஓடுகிறது, கேட்பவருக்கு டொக் டொக் மட்டும். திருவையாற்று ஆராதனையில் பாட்டு தொடங்கும் முன்பே பக்கத்தில் இருப்பவர் தொடையில் தாளம் போடுவார். அவருக்குள் என்ன கீர்த்தனை ஓடுகிறதென்று அவருக்குத்தான் வெளிச்சம். ‘மேனுவல்ல தெளிவா எழுதியிருக்கே’ என்கிறவரும் இப்படித் தட்டுகிறவர்தான்.

டெல்டாக்காரர்களுக்கு இது இன்னொரு விதமாகவும் தெரியும். தண்ணீர் இருக்கிற ஆண்டில் ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தாயிற்று என்று பேப்பரில் படம் வரும். சில நாளில் கல்லணையில் பூத்தூவித் திறப்பார்கள். திருத்துறைப்பூண்டிக்குக் கீழே, வேதாரண்யம் பக்கம் கடைமடையில் நாற்று விட்டுக் காத்திருப்பவரிடம் போய் ‘அதான் திறந்தாச்சே’ என்றால் என்ன சொல்வார்? வாய்க்கால் தூர்ந்திருக்கிறதா, மதகு பூட்டியிருக்கிறதா, மேலே யாராவது மடையைக் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டியது திறந்தவர்களின் வேலையும்தான்.

தூர்ந்த வாய்க்கால்களில் மொழியும் ஒன்று. ‘சார், ஒரு டவுட்’ என்று நாம் தொடங்குவது பணிவு. வகுப்பில் எழுந்து நின்று ‘ஒரு சந்தேகம் ஐயா’ என்று கேட்டு வளர்ந்த பழக்கம். இதை அப்படியே ஆங்கிலமாக்கி வெளிநாட்டார் நடுவே ‘எனக்கு ஒரு டவுட்’ என்று எழுதினால், நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்று அங்கே சிலருக்குக் கேட்கிறது. நம் சந்தேகத்துக்குள் தெரிந்துகொள்ளும் ஆசையும் நம்பாமையும் ஒரே பாயில் படுத்திருக்கின்றன, அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு நம்பாமைதான் முன்னால் நிற்கிறது. ‘சார்’ போட்டால் குழைகிறான் என்கிறார்கள், ‘அர்ஜென்ட்’ போட்டால் அதிகாரம் செய்கிறான் என்கிறார்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் வணக்கமும் நன்றியும் எழுதினால் தேவையற்ற சொற்கள் என்று திருத்தி நீக்கிவிடுவது வழக்கம். அவர்கள் நோக்கில் அது சுத்தம் செய்வது. தமிழ் மீடியத்தில் படித்து, அகராதி பார்த்து நாலு வரி ஆங்கிலம் எழுதியவனுக்கு, வாசலில் கழற்றிவிட்ட செருப்பை யாரோ எடுத்து எறிந்த மாதிரி இருக்கும். தமிழ்க் குழுக்களில் இந்தச் சிக்கல் குறைவு, ஆனால் வேறொன்று உண்டு. இங்கே ‘தம்பி’ என்பதையே இரண்டு விதமாகச் சொல்ல முடியும். முதல் பதிலில் வந்த தம்பியும் நான்காவதில் வந்த தம்பியும் ஒன்றா? தமிழ் விக்கிப்பீடியாவில் பயனர்கள் கூடிப் பேசும் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர் வைத்தவர்களை இந்த விஷயத்தில் பாராட்ட வேண்டும். மரத்தடியில் வந்து நிற்க யாரும் தகுதிச் சான்று எடுத்து வருவதில்லை.

டெல்டாவில் வளர்ந்த ஒருவர் அனுப்பிய புகழ்பெற்ற அறியா வினா ஒன்று உண்டு. கும்பகோணத்து ராமானுஜன் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்குச் சில வாரம் முந்தைய கதை. ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், அவருடைய கணக்குகளை லண்டனில் பேராசிரியர் எம்.ஜே.எம். ஹில்லுக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். அதில் 1, 2, 3 என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் மைனஸ் பன்னிரண்டில் ஒன்று வரும் என்று இருந்தது. வேறு ஒருவராக இருந்தால் அந்த வரியோடு குப்பையில் போட்டிருப்பார். ஹில் 1912 டிசம்பரில் பதில் எழுதினார். இவருக்குக் கணிதத்தில் ருசியும் ஓரளவு திறமையும் இருக்கிறது, ஆனால் தவறான தடத்தில் போகிறார், விரிதொடர்களில், அதாவது கூட்டக் கூட்ட ஓர் எண்ணில் நிலைக்காத தொடர்களில், எடுக்க வேண்டிய எச்சரிக்கை தெரியவில்லை என்றார். புரோம்விச் எழுதிய முடிவிலாத் தொடர்கள் நூலைப் படிக்கச் சொன்னார். லண்டன் கணிதச் சங்கத்துக்குக் கட்டுரை அனுப்புவதென்றால் தெளிவாக எழுத வேண்டும், விளக்கம் தராத குறியீடுகளைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்லியனுப்பினார்.

ஹில் ராமானுஜனை முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை. அந்த மைனஸ் பன்னிரண்டில் ஒன்று, கூட்டலுக்கு வேறொரு பொருள் கொடுத்தால் சரியான விடையே. ஆனாலும் அவர் கடிதத்தில் எந்த இடம் இடிக்கிறது, அதற்குப் பெயர் என்ன, எங்கே படிக்கலாம், அடுத்த முறை எப்படி எழுத வேண்டும் என்ற எல்லாம் இருந்தன. தப்பு என்று சொல்லவும் அவர் தயங்கவில்லை. புதியவரிடம் பாசாங்குப் புகழ்ச்சி தேவையில்லை என்பதற்கு நான் காட்டும் ஆதாரம் இதுதான்.

இவ்வளவு எழுதுகிற நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைக்காரர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் கேட்டார்: “பாமினியில அடிச்ச பத்திரிகையை வாட்ஸ்ஆப்ல ஒட்டினா எல்லாம் இங்கிலீஷா வருதுண்ணே. வைரஸா?” இந்தக் கேள்வியை அதற்கு முன் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று எனக்கே கணக்கில்லை. “வைரஸ் எல்லாம் இல்ல, தேடிப் பாருங்க, நிறைய இருக்கு” என்று எழுதினேன். “சரிண்ணே” என்றார். பிறகு தெரிந்தது, மனசு கேட்காமல் யாரிடமோ கொடுத்துக் கணினியை ஃபார்மட் அடித்திருக்கிறார். பழைய பத்திரிகைக் கோப்புகள் எல்லாம் போயின. கோளாறோ அப்படியே இருந்தது.

தேடிப் பாருங்க என்றேனே, எதைத் தேடுவார்? பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைப் பொருத்தியவை. அவர் ‘அம்மா’ என்று அடித்தால் கணினிக்குள் இருப்பது எம், கே, செமிகோலன், கே, ஹெச். பாமினி இருக்கும் கணினியில் அது அம்மாவாகத் தெரியும். வாட்ஸ்ஆப்புக்குப் பாமினி தெரியாது, உள்ளே இருப்பதை அப்படியே காட்டும். யூனிகோடில் தமிழ் எழுத்துக்கென்றே தனி எண்கள் இருப்பதால் எங்கே ஒட்டினாலும் தமிழாகவே நிற்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற இலவசக் கருவிகள் உண்டு. ‘பாமினியிலிருந்து யூனிகோடு மாற்றி’ என்ற மூன்று சொற்களை மட்டும் நான் கொடுத்திருந்தால் போதும். தேடுவதற்கான சொல்லே அவரிடம் இல்லாதபோது தேடச் சொன்னேன்.

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தப் பிரச்சினை வேறு மாதிரி ஆகிவிட்டது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு வரும் புதுக் கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. காரணம் பல இருக்கலாம், ஆனால் என்னிடம் பேசும் மாணவர்கள் சொல்வது ஒன்றுதான்: அது திட்டாது சார். எத்தனை தடவை கேட்டாலும் முகம் கோணாது. அதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. நான் பார்த்த வரையில் அதன் குறை, ஒன்றரை வரிக் கேள்விக்கும் ஒயரைக் கழற்றச் சொல்லாமல் உடனே ஒன்றரைப் பக்கம் பதில் தந்துவிடுவது. அப்புறம், அந்த உரையாடல் அவர் கைபேசியோடு முடிந்துபோகும், அடுத்த ஊர்ப் பையன் கண்ணில் படாது.

மன்னார்குடிப் பையன் ஒயரைக் கழற்றிப் பார்த்தார். ரிலே மட்டும் டிக் டிக் என்றது, போர்டு அணையவில்லை. அப்படியானால் காயில்தான். தெரிந்த எலக்ட்ரீசியன் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்னப்பர் போட்டார். நெல் தூசி படிந்த அந்தப் போர்டின் படத்தோடு ‘ஒர்க் ஆகுது சார், தேங்க்ஸ்’ என்று எழுதியிருந்தார்.

அதே கோளாறு டெல்டாவில் இன்னும் பத்துப் பேருக்காவது இருக்கும். ஆனால் அந்த இழையின் தலைப்பு இன்னும் ‘அர்ஜென்ட் ஹெல்ப் சார்’ என்றே இருப்பதால் யார் தேடினாலும் அகப்படாது. மோட்டார், ரிலே, போர்டு ரீசெட் என்ற சொற்கள் வருகிற மாதிரி தலைப்பை மாற்றிவிடுங்கள் என்று போன வாரம் அவருக்கு எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

“சரி சார். தலைப்பு எங்க போய் மாத்தணும்?”